பனிக்காலம் முடியுமுன் புல்விதை

உதகை,
பிப்ரவரி.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமெரிக்காவின் கொலம்பஸில் உங்கள் வீட்டுப் பின்புறப் புல்தரை அங்கங்கே மண் தெரிய மெலிந்திருக்கிறதே தவிர, செத்துவிடவில்லை. ஆகவே கொத்திப் புரட்ட வேண்டாம். இருக்கும் புல்லின் மேலேயே விதை தூவினால் போதும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்தான் அதற்கு முதல்தரமான பருவம் என்றாலும், வழுக்கைத் திட்டுகளை அதுவரை விட்டுவைத்தால் களை புகுந்துகொள்ளும் என்பதால், இப்போதே தூவிவிடுவது நல்லது.

பனிக்காலத்தில் விதைக்கலாமா என்று நீ கேட்டதில் தவறில்லை. இங்கே கிக்குயூ புல்லை நாம் தண்டாக நட்டே பரப்புகிறோம். உறைபனி விழுந்தால் அது கருகும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பனி என்றாலே பகையாகத்தான் தோன்றும். உன் ஊர்ப் புல்லோ குளிர்நாட்டுப் புல். அங்கே இரவில் மண்ணின் ஈரம் உறைந்து உப்புவதும் பகலில் உருகி அமிழ்வதுமாக மேல்மண் நுணுக்கமாக வெடிக்க, விதை அந்த வெடிப்புகளில் தானாக இறங்கிவிடுகிறது. தை மாத விடியலில் இங்கே காந்தல் பக்கம் நடக்கும்போது காலடியில் மண் நொறுநொறுக்கும், புரட்டினால் ஊசி ஊசியாகப் பனி நிற்கும் அல்லவா, அதே சங்கதிதான். மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை விதை முளைக்காமல் கிடக்கும். தொட்டதும், பனி உருகிய ஈரத்திலேயே கிளம்பிவிடும்.

வெண்பனி மூடிய தரையில் மட்டும் தூவாதே. அது உருகி ஓடும்போது விதையையும் அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சேர்த்துவிடும். பனி விலகி, தரை இறுகிக் கிடக்கும் காலைப் பொழுதாகப் பார்த்து, முதலில் சருகையும் காய்ந்த புல்லையும் வாரி எடுத்து மண் கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொள். கென்டக்கி புளூகிராஸ் என்னும் புல் வகை என்றால் 1000 சதுர அடிக்கு 1 முதல் 1.5 பவுண்டு போதும். அந்த விதை மிகப் பொடியானது, கையில் நிதானம் கிடைக்காது. நம் பக்கம் கேரட் விதைக்கு மணல் கலப்பதுபோல உலர்ந்த மணலைக் கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவு. ரைகிராஸ் என்னும் புல் வகை இப்போது வேண்டாம். இடையில் நான்கு நாள் வெயிலடித்தால் அவசரப்பட்டு முளைத்து, அடுத்த உறைபனியில் மடிந்துவிடும். மரத்தடி நிழலில் புளூகிராஸ் தேறாது, அங்கே மெல்லிய இலை ஃபெஸ்க்யூ புல் போடு.

மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கும், களை முளைக்காமல் தடுக்கும் உரத்தை இந்த வசந்தத்தில் பிரிக்கவே வேண்டாம். புது விதைப்புக்கு ஏற்றது என்று மூட்டையிலேயே அச்சிட்டிருந்தால் ஒழிய, அந்த மருந்துக்குக் களை விதை, புல்விதை என்ற பேதம் கிடையாது. இதைப் பக்குவமாக அவரிடம் நீயே சொல்லிவிடு.

மண் சூடேறிய பிறகு முளை வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரையிலும் அதன் பிறகும் மேல்மண் காயாமல் லேசாகத் தண்ணீர் தெளித்து வா; 3 அங்குலம் தாண்டிய பிறகு முதல் வெட்டு வெட்டலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. விதைப் பை வாங்கும்போது அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் முளைப்புச் சோதனை செய்த மாதத்தையும் களை விதையின் சதவீதத்தையும் பார்த்து, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா