தம்பிக்கு: மாணவர் கண்காட்சியை எப்படிப் பார்ப்பது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலமா? கை ஓடுகிறது, ஆனால் என்ன வரைவது என்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

இங்கே லண்டனில் மே கடைசியிலிருந்து ஜூலை வரை ஓவியக் கல்லூரிகளில் ஒவ்வொன்றாக இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி நடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து மாலையில் திறந்திருக்கும் கண்காட்சிக்குப் போய்வரலாம். பெரிய மியூசியத்தைவிட உனக்கு உதவுவது இந்த மாதிரி இடம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். தேர்ந்த கை வரைந்த படத்தில் எங்கே தடுமாறினார்கள் என்பதே தெரியாது. மாணவர் படத்தில் தையல் வெளியே தெரியும். அந்தத் தையலைப் பிடித்து இழுத்தால் உனக்கு வேலை கிடைக்கும்.

உன் பக்கத்தில் இப்படி ஒரு கண்காட்சி நடந்தால், திறப்பு விழா மாலையில் போகாதே, கூட்டத்தில் முதுகுகளைத்தான் பார்ப்பாய். வார நாள் மதியம் போ. படங்களைப் பார்த்துக்கொள்ள மாணவர்களே முறை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் “இதற்கு என்ன அர்த்தம்” என்று கேட்டால் மனப்பாடமான பதில் வரும். “இதற்கு முன்னால் என்ன செய்து பார்த்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள்” என்று கேள். முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் கைவிட்ட வழியில் உனக்கு ஒன்று இருக்கலாம்.

முதல் சுற்றை இருபது நிமிடத்தில் முடி. எங்கேயும் நிற்காதே, போனை வெளியே எடுக்காதே. வெளியே வந்து, நினைவில் நிற்கும் மூன்றை மட்டும் எழுதிக்கொள். இரண்டாம் சுற்றில் அந்த மூன்றுக்கும் தலா பதினைந்து நிமிடம். கையில் ஏ6 அளவு நோட்டும் 2பி பென்சிலும் போதும். கண்ணைச் சுருக்கிப் பார். நுணுக்கமெல்லாம் மங்கி, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்ற மூன்று திட்டுகள் மட்டும் நிற்கும். அதைத் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் வரை. எண்பது படத்தைப் போனில் பிடித்தால் பார்த்த திருப்தி வந்துவிடும், பார்த்திருக்க மாட்டாய்.

பிறகு பக்கவாட்டில் போய் நில். விளக்கு சாய்வாக விழும்போது, மேலே தெரியாத பழைய தூரிகைத் தடங்கள் மேடும் பள்ளமுமாக எழும்பும்: அங்கே ஒரு உருவம் இருந்து அழிக்கப்பட்டிருக்கும். ஃபிரேம் போடாத கேன்வாஸ் என்றால் ஓரத்தைப் பார். பூசிய வரிசை முழுக்க அங்கே இருக்கும்: வெள்ளை ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் செங்காவி, அதன்மேல் மற்றவை. நீலப் படம் ஏன் கதகதப்பாக இருக்கிறது என்பதற்கு விடை பல நேரம் அந்தக் காவிதான்.

பிழைகளையும் படி. எண்ணெய் வண்ணத்தின் மேல் நீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசியிருந்தால் அது பிடிக்காமல் உரியும். எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு கீழேயும் குறைந்தது மேலேயும் இருந்தால், மேலடுக்கு முதலில் காய்ந்து இறுகிவிட, கீழடுக்கு மெல்ல அசைந்து அதைப் பிளக்கும். மெல்லிய தாளை நனைத்து விறைக்கக் கட்டாமல் நீர்வண்ணம் தீட்டினால் அலை அலையாகப் புடைக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள் அவ்வளவு அடம்பிடிக்காது. பிளாஸ்டர் உருவத்தில் குழிகள் இருந்தால் வேகமாக ஊற்றிக் காற்றை உள்ளே அடைத்திருக்கிறார்கள்.

லினோகட், அதாவது லினோலியம் பலகையைச் செதுக்கி மை தடவி எடுக்கும் அச்சுப்படம், கண்ணில் பட்டால் விடாதே. ஒரே லினோ பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிச் செதுக்கி ஒவ்வொரு நிறமாக அச்சடிக்கும் முறை ஒன்று உண்டு. வெள்ளையாக நிற்க வேண்டியதை முதலில் செதுக்கி எடுத்துவிட்டு மஞ்சள் அடிப்பார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதைச் செதுக்கிவிட்டு அதன்மேல் ஆரஞ்சு, பிறகு சிவப்பு, கடைசியில் கருநீலம். முடியும்போது பலகையில் கருநீலப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும். இன்னொரு பிரதி வேண்டுமென்றாலும் அடிக்க முடியாது. அடியில் பென்சிலில் 3/12 என்றிருந்தால், மொத்தம் பன்னிரண்டு பிரதி, இது மூன்றாவது. கிட்டே போய் உருவத்தின் விளிம்பைப் பார். தாள் மயிரிழை நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் மஞ்சள் கோடு எட்டிப்பார்க்கும். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாத பிழைதான் அது. ஆனால் அந்தக் கோடு சில நேரம் வெயில் படுகிற விளிம்பு போலவே ஒளிரும். அதை வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும்? இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் நீ போன வேலை முடிந்தது.

ஸ்கெட்ச் புக் மேசையில் இருந்தால் கேட்டுவிட்டுத் தொடு. சுவரில் உள்ள படத்தைவிட எனக்கு இதுதான் பொக்கிஷம். ஒரே நாற்காலியை நாற்பது தடவை வரைந்திருப்பார்கள். எந்தப் பக்கத்தில் திடீரென்று நாற்காலியை விட்டுவிட்டு, கால்களுக்கு இடையிலுள்ள காலியிடத்தை வரையத் தொடங்கினார்கள் என்று தேடு. ஓவியம் பிறந்த இடம் அந்தப் பக்கம்.

மாட்டியிருக்கும் விதமும் பாடம்தான். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு இதம். 1988ல், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், இங்குள்ள கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவராக இருந்தபோதே, சக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு லண்டன் துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடத்தில் கண்காட்சி வைத்தார். படத்தைப் போலவே அதைச் சுற்றியுள்ள வெறும் சுவரையும் மாணவர்களே தீர்மானிக்கலாம் என்று காட்டிய நிகழ்ச்சி அது.

வீடு திரும்பியதும், மறுநாள் தாண்டுவதற்குள், ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார். பார்த்த படத்தின் உருவத்தையும் பொருளையும் எடுக்காதே, அது அந்தப் பிள்ளையின் மூன்று வருட உழைப்பு. தவிர, தோற்றத்தை நகலெடுத்தால் இரண்டாவது படத்திலேயே வழி அடைத்துப்போகும்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியிலும் பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியைச் செய். ஒரே வண்ணத் தாளிலிருந்து 2 செ.மீ. சதுரம் இரண்டு வெட்டு. வெவ்வேறு நிறத்தில் உள்ளங்கை அளவு தாள் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுரத்தை வை. அந்த இரண்டு சதுரமும் வேறு வேறு நிறமாகத் தெரியும்வரை பின்னணித் தாளை மாற்றிக்கொண்டே இரு. வண்ணம் குழைத்துச் செய்யாதே; குழைத்த நிறம் இரண்டாவது முறை அப்படியே வராது, தாளின் நிறம் மாறாது. சதுரம் பெரிதாக இருந்தால் பலிக்காது, பின்னணி அதை அழுத்த இடம் வேண்டும். பத்துப் பதினைந்து ஜோடி தோற்ற பிறகுதான் ஒன்று அமையும்.

அமைந்த ஜோடியைப் போனில் படம் பிடித்து அனுப்பாதே, கேமரா நிறத்தை மாற்றிவிடும். தாளையே ஒட்டி உறையில் போட்டு அனுப்பு. தோற்றதில் இரண்டையும் சேர்த்து வை.

அன்புடன்,
அக்கா