தம்பிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆயாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ ராத்திரி நேரத்தோடு சாப்பிடு.

நவம்பர் பிறந்ததும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க ஆயாவைக் கூட்டிப்போனேன். பென்ஷன் புத்தகத்துக்காகத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், கம்பளிக்குள், பஷ்சிமி ஸ்டார் பதக்கம், பாகிஸ்தான் சண்டையில் மேற்கு முனையில் இருந்ததற்குக் கொடுத்தது. நாடா நைந்துவிட்டது. அது உனக்குத்தான். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள். வருவாய்தானே? தாத்தா காரியம் முடிந்து போனவன்தான். போன் போட்டாலும் நாலு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். வேலை அப்படி என்று அம்மாவிடம் நான்தான் சமாளிக்கிறேன்.

தூக்கம் வருகிறதா உனக்கு?

நம்மூர் கம்மவான்பேட்டையில் திண்ணைக்குத் திண்ணை பட்டாளத்துக் கதை. ராணுவப்பேட்டை என்றே பெயர். நம் தாத்தா மட்டும் வாய் திறந்ததில்லை. பாலம் போட்டு, கண்ணிவெடி எடுத்து வழி திறக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரனைப் பட்டாளமே 'தம்பி' என்றுதான் கூப்பிடும் என்பார், அந்த ஒன்றைத்தான் பெருமையாகச் சொல்வார். உன்னைத் தம்பி என்று முதலில் கூப்பிட்டதும் அவர்தான்.

கொல்லையில் களை எடுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? கத்தியை நேராகக் குத்தவே மாட்டார். சாய்த்து, மெதுவாக, விரற்கடை விரற்கடையாக நகர்வார். நீ சிரிப்பாய். அது கண்ணிவெடி தேடிப் பழகிய கை. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும், சாய்த்தால் பக்கவாட்டில்தான் தட்டும். காரியத்துக்கு வந்த அவருடைய கூட்டாளி சொல்லித்தான் எனக்கே தெரியும். 1971 டிசம்பர் 15 ராத்திரி, அந்தப் பாகிஸ்தான் சண்டையில், பசந்தர் ஆற்றங்கரையில், இவர்கள் பாதையை முழுசாகத் திறப்பதற்கு முன்னாலேயே நம் டாங்கிகள் கண்ணிவெடி நிலத்தில் ஏறிவிட்டனவாம். அங்கே இருந்த மனுஷன்தான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தார்.

ராத்திரியில் வாசலில் நடப்பார். சின்ன வயதில் எனக்கு அது பயம், அப்புறம் எரிச்சல். ஏன் தூங்கவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மார்கழியில், திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே, "அன்னிக்கு ராத்திரி குளிரு எலும்புல ஏறுச்சுடா" என்று ஆரம்பித்தார். அந்நேரம் பார்த்து மோட்டாருக்குக் கரண்ட் வந்தது. "அப்புறம் சொல்லுங்கப்பா" என்று எழுந்து போய்விட்டேன். மடை மாற்றிவிட்டு வந்தால் வாசலில் நடந்துகொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் ஆரம்பிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆடியில் போய்விட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அடக்கிவைத்திருந்து வந்த வார்த்தைடா. அரைக்காணி வேர்க்கடலைக்காக அதைத் தட்டிவிட்டேன். அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

உன் அறையில் இருக்கிற பையன், நீ விடிய விடிய மொட்டைமாடியில் நடப்பதாக அம்மாவிடம் சொன்னானாம். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. என்ன ஏது என்று நான் குடைய மாட்டேன். வேலை போனாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, எந்நேரமானாலும் கூப்பிடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்துக்கொண்டு படுக்கிறேன். கரண்ட் வந்தாலும் எழுந்து போகமாட்டேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

அப்பா