மதிப்பெண் குறைந்த பிள்ளையிடமிருந்து பந்தைப் பறிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுப்பவன் நான். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்த கையோடு பல பள்ளிகளில் ஒரு வேலை நடக்கிறது. கால்பந்து அணியின் பெயர்ப் பட்டியலையும் மதிப்பெண் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பாடங்களில் தேறாதவன் பெயரை அடித்துவிடுகிறார்கள். "முதலில் தேறிக் காட்டு, அப்புறம் பந்தைத் தொடலாம்" என்பது தீர்ப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. பிள்ளை உருப்பட வேண்டுமே என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகக் கால்பந்தை வைக்காதீர்கள், குறைந்த மதிப்பெண்ணுக்குத் தண்டனையாக அதைப் பறிக்காதீர்கள்.

எங்கள் அணியில் ஒரு ஸ்டாப்பர் இருந்தான்; கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பவன். ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். மைதானத்திலோ அவன் குரல்தான் ஓங்கிக் கேட்கும். எதிரணி கார்னர் எடுக்க வந்தால் யார் எவனைப் பிடிக்க வேண்டும், கோல்கீப்பர் எந்தக் கம்பத்தை ஒட்டி நிற்க வேண்டும், பந்தைக் கோல் பக்கத்திலிருந்து தள்ளி அடித்ததும் எந்த நொடியில் எல்லோரும் ஒன்றாக முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் (பந்தை வாங்கினாலும் ஆட்டம் செல்லாத இடத்தில்) விட வேண்டும் என்று அவன் சொல்வான். அவனைவிட மூத்த பையன்கள் கேட்பார்கள். பின்னால் நின்றுகொண்டு மைதானம் முழுவதையும் கவனித்து, பந்து அடுத்து எங்கே வரும் என்று கணித்து, அதை வாய்விட்டுச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். கணிப்பு பிசகினால் கோல் விழும், பழி அவன் தலையில் விழும். ஒருமுறை அப்படித்தான் விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்த கார்னருக்கும் அதே சத்தத்தில் கத்தினான்.

கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறியதால் அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டு மாலைச் சிறப்பு வகுப்பில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளில் அவன் பள்ளிக்கு வருவதே குறைந்துபோனது. விடிந்தால் அடைந்தால் 'உனக்கு வராது' என்று கேட்டே வளர்ந்தவனுக்கு, பத்துப் பேர் தன்னை நம்பி நிற்கும் இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அடைத்துவிட்டால் அவன் எந்தத் தெம்பில் கணக்குப் புத்தகத்தைத் திறப்பான்?

விளையாட்டு நல்ல குணத்தை வளர்க்கும் என்று ஆண்டு விழா மேடையில் எல்லோரும் பேசுகிறோம். எப்படி வளர்க்கிறது என்று பார்க்கக் கோட்டோரம் வந்து நிற்க வேண்டும். எங்கள் பயிற்சி ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு அணியும் 'எங்கள் த்ரோ' என்று கையைத் தூக்கும். கடைசியாக யார் காலில் பட்டது என்பது பல நேரங்களில் பட்டவனுக்கு மட்டுமே தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளை வாயைத் திறக்க மாட்டான். சில மாதம் போகட்டும், அவனே பந்தை எடுத்து எதிரணிப் பக்கம் உருட்டிவிடுவான். யாரும் உட்காரவைத்து உபதேசம் செய்திருக்க மாட்டார்கள். பொய் சொன்ன மறுநாள் அணி பிரிக்கும்போது தன்னைக் கூப்பிட யாரும் முந்தவில்லை என்பதை அவன் கவனித்திருப்பான்; அவ்வளவுதான். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டப் பார்க்கும் கெட்டிக்காரனும் இப்படித்தான் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்கிறான்.

பந்தை உருட்டிவிட்டால் குணம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே விழுந்து பெனால்ட்டி கேட்பதையும், தோற்றால் நடுவரைப் பழிப்பதையும் பிள்ளைகள் இதே ஆட்டத்தில்தான் கற்கிறார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மாலும் சிறுவர் பேஸ்பால் அணிகளில் இதை ஆராய்ந்தார்கள். நன்றாகச் செய்தால் உடனே பாராட்டுவது, தவறினால் தைரியம் சொல்லித் திருத்துவது, திட்டுவதை விட்டுவிடுவது என்று பயிற்சியாளர்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்திருந்த சிறுவர்களின் தன்மதிப்பு அந்தப் பயிற்சியாளர்களிடம் கூடியது. அடுத்த பருவத்தில் அந்த அணிகளிலிருந்து விலகியவர்கள் 100-க்கு 5 பேர்; மற்ற அணிகளில் 26 பேர். இத்தனைக்கும் வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பேஸ்பால் வேறு ஆட்டம்தான். ஆனால் கூனிக் குறுகி நிற்கும் பிள்ளைக்கு எல்லா ஊரிலும் மனம் ஒன்றுதான். மதிப்பெண்ணைக் காட்டி நாம் முதலில் வெளியேற்றுவது, இந்த ஆட்டத்தால் அதிகம் பயன்பெறக்கூடிய அந்தப் பிள்ளையைத்தான்.

"இதில் எத்தனை பேர் இந்தியாவுக்கு ஆடப் போகிறார்கள்?" என்று மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் ஆடியிருக்கிறார். நம் வடசென்னைப் பிள்ளை நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து வெற்றி தேடித்தந்தபோது எங்கள் தெருக்களில் இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் இந்தப் பெயர்களை வைத்து நான் வழக்காட விரும்பவில்லை. கடலூரைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் அரசு இல்லத்தில் வளர்ந்த பெண் குழந்தைகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து கற்றுக்கொடுத்தார். உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். மதிப்பெண் பார்த்தா அவர்களை மைதானத்தில் இறக்கினார்கள்? அந்தக் கடலூர் மண்ணிலிருந்துதான் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். பலமுறை தேசியப் பட்டம் வென்ற மணிப்பூரை 2018 தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, கூட நிற்க ஓர் ஆசிரியை என்று பள்ளி உறுதி கொடுத்தால் பாதி அம்மாக்கள் சம்மதிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். மனம் அதிகம் அடிபடும் ஆண்டு அது.

2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கும் பள்ளிகளிலும் நான்கரை மணிக்குப் பூட்டுத் தொங்குகிறது.

சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் நடத்துங்கள். முடிந்ததும் அதே பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள். யாருக்கு எந்தப் பாடம் வரவில்லை என்று எங்களுக்கும் சொல்லுங்கள். எங்களிடம் பயின்று இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்குப் பின் அவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். மாலையில் மைதானச் சாவியை வாங்கிப் பூட்டித் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை எழுதிக் கையெழுத்திட்டு நாங்கள் ஏற்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிவு வரும் வாரத்தில், அணிப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட அடிக்காமல் இருக்க மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுங்கள். அழைத்தால் நானும் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்