பள்ளித் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில், கொரோனாவை முன்னிட்டு முன்னாள் மாணவர் குழு எடுத்த வேலைகள் முடிந்துவிட்டன. 2021 நவம்பர் 1 அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வேலையைத் திருப்பணி என்று எழுதலாமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். மாரியம்மன் கோயிலுக்கு வசூல் செய்த அதே வாசற்படிகளில் நின்றுதான் இதற்கும் கேட்டோம், எழுதிவிட்டோம்.

முதலில் எங்கள் தவறு. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பு திறந்தபோது, அவசரத்தில் காலால் மிதிக்கும் சானிடைசர் தாங்கிகளை வாங்கினோம். பெஞ்சு, சுவர், வாசல் என்று ஒன்று விடாமல் கிருமிநாசினி அடித்தோம். ரூ.14,300 அதில் போனது. ஒரு தாங்கியின் மிதி இரண்டே வாரத்தில் கையோடு வந்துவிட்டது. காற்றோட்டம் இல்லாத, கூட்டமான அறைகளில் கிருமி காற்றிலேயே தங்கிப் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏப்ரலில் விளக்கியது. நாங்கள் அதுவரை பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 22 முதல் மறுபடியும் பள்ளி மூடப்பட்டது. அப்போதுதான் வகுப்பறையை நிதானமாகப் பார்த்தோம். வகுப்புக்கு 25 பேர், ஆளுக்கு ஆறடி இடைவெளி என்பது அப்போதைய அரசு விதி. 20 அடிக்கு 20 அடி அறையில் சுண்ணாம்பால் புள்ளி வைத்துப் பார்த்தால், சுவரை ஒட்டி உட்கார்த்தினாலும் 16 பேர்தான். ஆசிரியர் நிற்க ஒரு வரிசையை விட்டால் 12. மீதிப் பேர் எங்கே போவார்கள்?

அடுத்து ஜன்னல். மேற்குப் பக்கம் இருப்பவை திறக்கும். கிழக்குப் பக்கம் இருந்தவற்றை எப்போதோ திருட்டுப் பயத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அறை நடுவே ஊதுவத்தி கொளுத்தி வைத்தோம். புகை நேராக எழும்பி, விட்டத்தின் கீழ் அப்படியே கட்டி நின்றது. கொத்தனார் செங்கலைப் பெயர்த்த அன்று மாலை அதே இடத்தில் மறுபடி கொளுத்தினோம். புகை ஒரு சாண்கூட எழும்பவில்லை; சாய்ந்து ஜன்னல் வழியே ஓடிவிட்டது. சானிடைசருக்கே வாதாடிய எங்கள் பொருளாளர், அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஐந்து அறைகளுக்கும் எதிரெதிர் ஜன்னல், கம்பி, வலை போட்டோம்: ரூ.68,000. இடமில்லாத பிள்ளைகளுக்குப் புளியமரத்தடியில் சிமெண்ட் தளமும் தகரக் கூரையும், சுவர் இல்லாமல்: ரூ.61,500. முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடுவதும் இப்போது அங்கேதான்.

கை கழுவப் பத்துக் குழாய்களும் தொட்டியும்: ரூ.41,200. ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு கடினம். பிள்ளைகள் சோப்பை இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஓடினார்கள். ஊராட்சியில் கேட்டு, ஒகேனக்கல் குடிநீர் வரும் நாளில் தொட்டி நிரப்பிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். குழாய்களைப் பெரியவர் உயரத்துக்கு வைத்து, முழங்கை வழியே சட்டை நனைகிறது என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்ன பிறகு, ஐந்தை இறக்கி வைத்ததும் இந்தத் தொகைக்குள்தான்.

ஆசிரியர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில் இன்னும் போடத் தொடங்கவில்லை. காய்ச்சல், இருமல் இருந்தால் அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னோம். கொட்டாய்களில், அதாவது ஊரைவிட்டுத் தள்ளி வயலோரம் இருக்கும் குடியிருப்புகளில், தாத்தா பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் என்பதால், அங்கே நேரில் போய்ச் சொன்னோம்.

வரவு ரூ.1,92,500. செலவு ரூ.1,85,000. கையிருப்பு ரூ.7,500. ரசீதுகளை ஞாயிறு காலை பள்ளியில் பார்க்கலாம்.

ஒரு குறை பாக்கி. மழை பெய்தால் கிழக்கு ஜன்னலில் சாரல் அடித்து முதல் பெஞ்சு நனைகிறது. உடனே யாராவது எழுந்து சாத்திவிடுகிறார்கள். கையிருப்பில் இரண்டு அறைகளுக்குத்தான் தகர மறைப்பு போட முடியும். மற்ற மூன்றுக்கு உறுப்பினர்கள் மனது வைக்க வேண்டும்.