கேட்டது நேரம், புரிந்தது உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிக் கட்டுரையில், ‘அவகாசம்’ என்ற வடசொல்லைத் தமிழர்கள் பொருள் திரித்துப் புழங்குகிறோம் என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் பக்கத்து மொழிகளையும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

மலையாள நண்பர் ஒருவரிடம் ஒருமுறை, “எனக்கு அவகாசமே இல்லை” என்று அலுத்துக்கொண்டேன். “யார் அப்படிச் சொன்னது?” என்று பதறிவிட்டார். அவர்கள் மொழியில் அவகாசம் என்றால் உரிமை. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் மலையாளத்தில் ‘விவராவகாச நியமம்’. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள். இந்தியில் விடுமுறை. மராத்திக்காரர்கள் எல்லாரையும் தாண்டி விண்ணுக்கே போய்விட்டார்கள். ‘அவகாஷ்யான்’ என்றால் விண்கலம்!

ஆனால் மூலத்துக்கு மிக அருகில் நிற்பவர்களும் அவர்கள்தான். சமஸ்கிருதத்தில் அவகாசம் என்பது வெளி, இடம். ஆகாசமும் பிரகாசமும் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் வெளி நமக்கு நேரமானது, இந்திக்கு விடுமுறையானது. சரி, உரிமை எங்கிருந்து வந்தது? நம் ‘இடம்’ என்ற சொல்லையே பாருங்கள். ‘சந்தேகத்துக்கு இடமில்லை’ என்பதில் அது வாய்ப்பு. ‘இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்பதில் சலுகை. ‘கேள்வி கேட்கக்கூட எனக்கு இங்கே இடமில்லையா?’ என்று ஒருவர் பொங்கினால் அது உரிமையேதான். மலையாளத்தில் அவகாசம் நடந்த வழியும் இப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இதில் திரிபு எங்கே இருக்கிறது?

அப்புறம் ‘அவசரம்’. பார்த்தால் அவகாசத்தின் கூடப்பிறந்தது போல இருக்கும், வேர் வேறு. நமக்கு அது பரபரப்பு, தெலுங்கில் தேவை, மலையாளத்திலும் இந்தியிலும் வாய்ப்பு. தமிழில் எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு சொற்கள். தெலுங்கர் அவகாசம் என்று எதைச் சொல்கிறாரோ அதைத்தான் மலையாளி அவசரம் என்கிறார்!

கட்டுரையாளர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் நல்லது. வேண்டிய அவகாசம் எடுத்துக்கொள்ளட்டும். தமிழ்ப் பொருளில்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்