சின்னவனுக்கு ஒரு படச் சார்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லாருக்கேன், குளிர் மட்டும்தான் இன்னும் பழகல. நீ போன்ல சொன்னியே, சின்னவன காலைல கிளப்புறதுக்குள்ள உயிர் போகுதுன்னு, அதுக்கு ஒரு வழி இருக்கு, செய்ய வேண்டிய வேலைய வரிசையா படமா ஒட்டி வெக்கிற சார்ட், அத போன்ல சொன்னா நீயும் பாதில வெச்சுடுவ, அதான் உக்காந்து எழுதுறேன், அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டு.

நான் வேலை பாக்குற சின்னப் புள்ளைங்க ஸ்கூல்ல சுவர் பூரா படம்தான். மொதல்ல அலங்காரத்துக்குன்னுதான் நெனச்சேன், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. இங்க பனி கொட்டுற நாள்ல புள்ளைங்கள வெளிய விளையாட விடணும்னா பனி பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, க்ளவுஸ் எல்லாம் மாட்டணும், அதுவும் இந்த வரிசைலதான், ஏன்னா க்ளவுஸ மொதல்ல மாட்டிட்டா அந்த குட்டி கையால ஜிப்ப பிடிக்கவே முடியாது, அப்புறம் பேண்டுக்கு முன்னாடி பூட்ஸ் போட்டா எல்லாத்தையும் கழட்டி மறுபடி ஆரம்பிக்கணும். கதவு பக்கத்துல, புள்ளைங்க கண்ணு உசரத்துல, இதெல்லாம் மேலேருந்து கீழ படமா ஒட்டிருக்கு. டீச்சர் கத்துறதே இல்ல, விரல வெச்சு அடுத்த படத்த காட்டுவாங்க, அவ்ளோதான். வீட்ல ஆளுக்கொரு பாஷை பேசுற புள்ளைங்க, எல்லாருக்கும் புரியுது.

வாயால சொன்னது காத்தோட போயிடும் அக்கா, படம் அங்கயே நிக்கும், மறந்தா திரும்பிப் பாத்துக்கலாம். நாம "குளி, ட்ரெஸ் போடு, பை எடு, ஷூ மாட்டு"ன்னு ஒரே மூச்சுல சொல்றோம், அதுல கடைசி வார்த்தை மட்டும் காதுல விழுந்தாலே பெரிசு. இன்னொண்ணு, புள்ளைங்க நிறைய அழுறது ஒரு வேலைலேருந்து இன்னொரு வேலைக்கு மாறுற நேரத்துலதான், இங்க ட்ரான்சிஷன்னு சொல்றாங்க. விளையாட்ட நிறுத்துன்னா அது அதோட போச்சுன்னு நெனச்சுக்கும், திரும்ப எப்ப வரும்னு அதுக்கு எப்படி தெரியும்?

நீ மொதல்ல செய்ய வேண்டியது "மொதல்ல - அப்புறம்" அட்டை. ஒரு அட்டைய ரெண்டா கோடு போட்டு பிரி, இடது பக்கம் ஷூ, வலது பக்கம் பந்து. ஷூ மாட்டினதும் உடனே பந்து கைக்கு வரணும், அதுல ஏமாத்தினா அடுத்த நாள் அந்த அட்டைக்கு மதிப்பே இருக்காது. அது பழகினப்புறம் காலை வேலைக்கு மட்டும் ஒரு வரிசை வை, நாள் முழுக்க சார்ட் போட்டு தொங்க விடாத. படத்துக்கு பின்னாடி வெல்க்ரோ ஒட்டி, முடிஞ்ச வேலைய அவனே பிச்சு கீழ ஒரு கவர்ல போடணும். என்னைக் கேட்டா அந்த பிச்சுப் போடுறதுதான் மொத்த விஷயமே, புள்ள கை படாத சார்ட் வெறும் வால்பேப்பர்.

நெட்லேருந்து அழகான கார்ட்டூன் எடுத்து ஒட்டாத. அவன் ப்ரஷ், அவன் பக்கெட், அவன் ஷூ, அதையே போட்டோ எடு, பின்னாடி கசகசன்னு சாமான் இல்லாம. போட்டோவே புரியாத புள்ளைங்களும் இருக்கு, அவங்களுக்கு குளிக்கப் போறப்ப டவலையே கையில குடுப்போம்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்"ங்கறது அவனுக்கு ஒண்ணுமே இல்ல. இங்க டைம் டைமர்னு ஒரு கடிகாரம், செவப்பா ஒரு வட்டம், நேரம் ஆக ஆக செவப்பு குறைஞ்சுட்டே வரும், காணாம போனா முடிஞ்சது. அமெரிக்கால ஜான் ராஜர்ஸ்னு ஒரு அம்மா, பொண்ணு "இன்னும் எவ்ளோ நேரம்"னு கேட்டுட்டே இருந்துச்சாம், 1994ல இத கொண்டு வந்தாங்க. மணல் கடிகாரம் இருந்தாலும் போதும்.

மாமா கண்டிப்பா கேப்பாரு, இது ஆட்டிசம் இருக்குற புள்ளைங்களுக்குத்தானேன்னு. அவங்களுக்கு இது ரொம்பவே உதவும், அமெரிக்கால வட கரோலினா மாநிலத்துல எரிக் ஷாப்ளர்ங்கற மனோதத்துவ நிபுணர் ஆட்டிசம் புள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்ச டீச் (TEACCH) முறைல, அந்த மாநிலம் 1972லயே திட்டமா எடுத்து நடத்தினது, இந்த பட அட்டவணைக்கு பெரிய இடம் உண்டு. ஆனா எந்த புள்ளைக்கும் ஆகும். மாமா போன்ல ரிமைண்டர் போடாம ஒரு நாள் ஓட்டிடுவாரான்னு கேளு.

ப்ளான் மாறுற நாளுக்குன்னு தனியா ஒரு கார்டு வேணும், நாங்க கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கோம். மொத மொத அத அவனுக்கு பிடிச்ச விஷயத்துக்கு எடு, குளிக்கறதுக்கு பதிலா பந்து விளையாட்டுங்கற மாதிரி. எடுத்த எடுப்புலேயே "பார்க் கிடையாது"ன்னு சொல்ல யூஸ் பண்ணினா அந்த கார்ட பாத்தாலே கத்துவான்.

எங்க க்ளாஸ்ல ஒரு பொடியன், பேச்சு இன்னும் வரல, ஒருநாள் "வீட்டுக்கு" கார்ட கீழேருந்து பிச்சு எல்லாத்துக்கும் மேல ஒட்டிட்டு பைய மாட்டிட்டு கதவுகிட்ட நிக்கிறான்! டீச்சர் திட்டல, "வீட்டுக்குப் போகணுமா, புரியுது"ன்னு சொல்லி, நடுவுல இருக்குற படங்கள ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டி கடைசில வீட்ட ஒட்டினாங்க. அழுதான், ஆனா கொஞ்சம்தான்.

அப்புறம், நாலு நாள் அவன் சமத்தா இருந்தான்னு சார்ட கழட்டிடாத, சமத்தா இருந்ததே அதனாலதான்.

போட்டோ எல்லாம் எடுத்து வாட்ஸப்ல அனுப்பு, நான் ஒரே சைஸா வெட்டி பிடிஎஃப் ஆக்கி அனுப்புறேன். கார்டு உள்ளங்கை அளவு பெரிசா இருக்கட்டும், கண்டிப்பா லாமினேட் பண்ணிடு, அவன் கடிப்பான்.

உன் தங்கச்சி