விரல் நீட்டிச் சொல்வது

ஈரோடு

அன்புள்ள கண்ணு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஃபியூஜி மலை தெரிந்ததா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. நீ சொன்னபடி டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலப்பக்க ஜன்னலைத்தான் பிடித்தோம். மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது.

"அங்க போயும் ரயிலையே பார்த்துட்டு நிக்காதீங்கப்பா" என்று சொல்லி அனுப்பினாயே, 33 வருஷம் இன்ஜினில் இருந்தவனிடம் சொல்கிற பேச்சா அது? டோக்கியோவில் ஏறிய முதல் லோக்கல் வண்டியிலேயே டிரைவர் கேபினுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி நின்றுவிட்டேன். வெள்ளைக் கையுறை போட்ட பையன், உன் வயதுதான் இருக்கும். சிக்னல் வரும்போதெல்லாம் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்கிறான். நாங்களும் சிக்னலைக் கூப்பிட்டுத்தான் வண்டி ஓட்டினோம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்ல வேண்டும். இவனுக்குப் பக்கத்தில் அசிஸ்டென்ட் இல்லை. கேட்க ஆளில்லாத கேபினில் ஒரு சிக்னலைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே போகிறான். என்னை அறியாமல் நானும் விரலை நீட்டிவிட்டேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஷின்ஜுகு ஸ்டேஷனில் மானம் போனது. 200க்கு மேல் வாசல், தினமும் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் வந்துபோகிற இடம். ராத்திரி யார்டில் டார்ச் இல்லாமல் நடந்தவன், எங்கள் ஓட்டல் பக்கத்து வாசலைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் சுற்றினேன். ஒரே பேக்கரி மூன்று தடவை வந்தது. மூன்றாம் தடவை அம்மா உள்ளே போய் பன் வாங்கிக்கொண்டாள்.

கியோட்டோ பழைய தலைநகரமாயிற்றே, ஸ்டேஷனும் ஓடும் மரத்தூணுமாக இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் மலை உயரத்துக்கு இரும்பும் கண்ணாடியும். ஹாரா ஹிரோஷி என்பவர் வரைந்து 1997இல் திறந்ததாம். உள்ளேயே 171 படி ஏறுகிறது. அம்மா பக்கத்து எஸ்கலேட்டரில் போனாள். வீம்புக்குப் படியேறிய நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோயில் குளத்துப் படி மாதிரி அங்கே நிறையப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் இனாரி. இறங்கினால் எதிரிலேயே ஃபுஷிமி இனாரி கோயில். போட்டோவில் பார்த்திருப்பாய், மலை நெடுக வரிசையாகச் செந்நிற வாசல்கள். ஏறும்போது தூண்களில் ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பார்த்தால் ஒவ்வொன்றின் பின்பக்கமும் கறுப்பு எழுத்து. காணிக்கை கொடுத்தவர் பெயரும் தேதியுமாம். "ஏனுங்க, நம்ம மாரியம்மன் கோயில் டியூப்லைட்ல உபயம் எழுதற மாதிரியே இருக்குதுங்க" என்றாள் அம்மா. அந்த ஊர் அதற்கப்புறம்தான் அவளுக்குப் பிடித்தது.

இப்போது வீட்டைப் பூட்டும் முன் கேஸ் சிலிண்டரை நோக்கி விரலை நீட்டி "மூடியாச்சு" என்கிறாள். நானும் திருப்பிச் சொன்னால்தான் படி இறங்குகிறாள்.

அன்புடன்,
அப்பா